ப்ராசஸர் வேகம் ஏற மறுக்கிறதா? பூட்டு யார் கையில் என்று முதலில் பாருங்கள்

லினக்ஸ் லேப்டாப்பில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய ப்ராசஸர் 800 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எவ்வளவு வேகம் கேட்பது என்று தீர்மானிக்கும் கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கிப் பார்த்தாயிற்று. விசிறியைத் துடைத்துப் பார்த்தாயிற்று. தேடினால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகிறார்கள்: பூட் வரியில் (மெஷின் தொடங்கும்போது லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி) ‘ப்ராசஸர்.இக்னோர்_பிபிசி=1’ சேர். சிலருக்கு அது கேட்கிறது, பலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. எனக்கும் ஆகவில்லை. இரண்டு மாலைகள் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் ஏன் என்று புரிந்தது.

ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் போன்ற மென்பொருள், வேகத்தைக் கட்டுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கெர்னலிடம் சொல்லிவிட்டுக் கட்டுவது: ‘இதற்கு மேல் போகாதே’ என்று ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் கெர்னலும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு) வழியாகக் கேட்டுக்கொள்ளும், கெர்னலும் மதித்து நிற்கும். இன்னொன்று, சொல்லாமல் கட்டுவது: ப்ராசஸரின் ரெஜிஸ்டரிலோ (உள்ளே அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) ‘பின்’ எனப்படும் இணைப்புக் காலிலோ நேராகக் கை வைத்துவிடும். கெர்னல் 3 கிகாஹெர்ட்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கும், சிலிக்கான் காதிலேயே வாங்காது. மேலே சொன்ன மருந்து முதல் வகைக்கு மட்டும்தான். ஆகவே எந்த அறிகுறி எந்த வகை என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்க லினக்ஸ் பற்றியது, பெரும்பாலும் இன்டெல் ப்ராசஸர். ஏஎம்டி கடைசியில் வருகிறது.

எதையும் தொடுவதற்கு முன்

சிபியு0-வின் ‘சிபியுஃப்ரீக்’ அடைவுக்குள் போய் நான்கு ஃபைல்களை வாசியுங்கள்: ஸ்கேலிங்_டிரைவர் (வேகத்தை நிர்வகிக்கும் டிரைவரின் பெயர்), சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக் (ப்ராசஸரின் உச்ச வேகம்), ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக் (இப்போது அனுமதித்திருக்கும் உச்சம்), இருந்தால் பயாஸ்_லிமிட் (ஃபர்ம்வேர் வைத்த வரம்பு). எண்களெல்லாம் கிலோஹெர்ட்ஸில் வரும். 2400000 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ். அப்புறம் இன்னொரு டெர்மினலில் எல்லா கோர்களுக்கும் வேலை கொடுத்துவிட்டு, ‘டர்போஸ்டாட்’டை ரூட்டாக ஓட்டி ‘பிஸி_மெகாஹெர்ட்ஸ்’ பத்தியைப் பாருங்கள். வேலை கொடுக்காமல் பார்த்துவிட்டு ‘800-இல் நிற்கிறது’ என்று பதறுபவர்கள் நிறைய. சும்மா இருக்கும் ப்ராசஸர் 800-இல் நிற்பதுதான் நியாயம்.

டர்போஸ்டாட்டைத்தான் பார்க்கச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் சில டிரைவர்களில் கெர்னல் கேட்ட வேகத்தையே திருப்பிச் சொல்லும். கேட்டது கிடைத்ததா என்பது அதில் தெரியாது. டர்போஸ்டாட் ப்ராசஸருக்குள் உள்ள எண்ணிகளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது, உண்மையில் ஓடிய வேகம் அதுதான்.

அறிகுறி 1: ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக் ஏறவே இல்லை, எழுதினால் பிழையும் வரவில்லை

இது சொல்லிவிட்டுக் கட்டிய வகை. நீங்கள் 2400000 என்று எழுதுகிறீர்கள், ஷெல் ஒன்றும் முணுமுணுக்காமல் அடுத்த வரிக்குப் போகிறது. வாசித்துப் பார்த்தால் 1600000. எழுதியது எங்கே போனது? எங்கும் போகவில்லை. இப்போதைய கெர்னல்கள் உச்ச வேகத்துக்கான கோரிக்கைகளைத் தனித்தனியாகச் சேர்த்து வைக்கின்றன: உங்களுடையது ஒன்று, வெப்பக் கட்டுப்பாட்டினுடையது ஒன்று, ஃபர்ம்வேரினுடையது ஒன்று. எல்லாவற்றிலும் சிறியது எதுவோ அதுதான் நடைமுறைக்கு வரும். உங்கள் கோரிக்கை பதிவாகித்தான் இருக்கிறது, ஜெயிக்கவில்லை. ஃபர்ம்வேர் விலகிய நொடியில் தானாக மேலே வரும்.

பயாஸ்_லிமிட்டை வாசியுங்கள். அங்கேயும் 1600000 என்று இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

பின்னால் நடப்பது இதுதான். ஏசிபிஐ அட்டவணையில் ‘_பிஎஸ்எஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் ப்ராசஸர் ஓடக்கூடிய வேகங்கள் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும். ‘_பிபிசி’ என்று ஒரு சின்ன மெத்தட், திருப்பித் தருவது ஒரே ஓர் எண். (செய்தி நிறுவனம் இல்லை, முன்னால் அடிக்கோடு இருக்கிறது பாருங்கள்.) அந்த எண் 0 என்றால் பட்டியல் முழுவதும் திறந்திருக்கிறது. 1 என்றால் முதல் வரி கிடையாது. 5 என்றால் முதல் ஐந்து வரிகளும் கிடையாது. பட்டியல் 2401, 2400, 2200, 2000, 1800, 1600 என்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 5 வந்தால் உச்சம் 1600. மேலே பார்த்த எண் இப்படித்தான் வந்தது.

ஃபர்ம்வேர் மனம் மாறும்போது ஹெக்ஸ் 80 (ஹெக்ஸ் என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) என்ற அறிவிப்பை அனுப்பும். கெர்னல் அதைக் கேட்டு _பிபிசி-யை மறுபடி வாசிக்கும். இதைக் கண்ணால் பார்க்கலாம். ‘ஏசிபிஐ_லிசன்’ ஓடவிட்டு அடாப்டரைப் பிடுங்குங்கள். ப்ராசஸர் என்று தொடங்கும் வரிகள் வரும், முடிவில் இரண்டு எண்கள்: 00000080, 00000005. முதலாவது அறிவிப்பு, இரண்டாவது _பிபிசி தந்த எண். மறுபடி செருகினால் 00000080, 00000000 என்று வர வேண்டும். பிடுங்கியபோது 5 வந்து, செருகியபோது எந்த வரியுமே வராவிட்டால், கட்டத் தெரிந்து அவிழ்க்கத் தெரியாத ஃபர்ம்வேர் என்று பொருள். இது நிஜமாகவே உள்ள பழுது, பயாஸ் புதுப்பிப்பில் சரியாக வாய்ப்பு உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

அடாப்டரைச் செருகியும் 5-லேயே நிற்கிறது என்றால் உடனே பயாஸைத் திட்ட வேண்டாம். 90 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் அடாப்டர் செருகியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கலாம். அடாப்டரால் மட்டும் திடீர் உச்சத்தைத் தாங்க முடியாது என்று சில ஃபர்ம்வேர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். அப்படிப்பட்ட கட்டுக்குக் காரணம் இருக்கிறது. அவிழ்த்தால் வேலை நடுவே திரை இருண்டு மெஷின் அணைந்துபோகும்.

இதெல்லாம் இல்லை, கட்டு வெறும் பிழைதான் என்று உறுதியானால் மருந்தை எடுக்கலாம். இக்னோர்_பிபிசி அளபுருவுக்கு மூன்று மதிப்புகள்: -1 என்றால் டிரைவர் இன்னும் தயாராகவில்லை, 0 என்றால் _பிபிசி-யை மதி, 1 என்றால் கண்டுகொள்ளாதே. பூட் வரியில் போடுவதுதான் சுத்தம். ஓடும்போதே ‘/சிஸ்/மாட்யூல்/ப்ராசஸர்/பாராமீட்டர்ஸ்’ அடைவில் எழுதவும் முடியும். ஆனால் முன்பே பதிவான கட்டு அதனால் அவிழாது, அடுத்து வரும் அறிவிப்புகளைத்தான் கெர்னல் தள்ளிவிடும். எழுதிவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிட வேண்டாம், ரீபூட் செய்து பாருங்கள். இன்னொரு சுவையான விஷயம்: 1 வைத்த பிறகு அறிவிப்பு வந்தால், கெர்னல் சும்மா காதை மூடிக்கொள்வதில்லை. ‘உன் சொல்லை ஏற்கவில்லை’ என்று ‘_ஓஎஸ்டி’ வழியாக ஃபர்ம்வேருக்குப் பதிலும் அனுப்புகிறது.

இப்போது என் இரண்டு மாலைகளுக்கு வருகிறேன். என் லேப்டாப்பின் ஸ்கேலிங்_டிரைவர் சொன்னது ‘இன்டெல்_பிஸ்டேட்’. அந்த டிரைவர் சாதாரண லேப்டாப்பில் _பிபிசி வரம்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. சர்வர் என்று ஏசிபிஐ அட்டவணை சொன்னாலோ, ‘இன்டெல்_பிஸ்டேட்=சப்போர்ட்_ஏசிபிஐ_பிபிசி’ என்று நாமே கேட்டுக்கொண்டாலோதான் எடுக்கும். மதிக்காத ஒன்றை மதிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். டிரைவர் பெயர் ‘ஏசிபிஐ-சிபியுஃப்ரீக்’ என்று இருந்தால் மட்டுமே இந்தப் பகுதி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

அறிகுறி 2: எல்லா ஃபைலும் சரி, ஆனாலும் 400-லோ 800-லோ ஆணி அடித்தது போல நிற்கிறது

ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக் முழு எண்ணைக் காட்டுகிறது. பயாஸ்_லிமிட் முழு எண், அல்லது அந்த ஃபைலே இல்லை. டர்போஸ்டாட்டில் மட்டும் பிஸி_மெகாஹெர்ட்ஸ் 798, 798, 798. வெப்பம் 50 டிகிரிகூட இல்லை. இது சொல்லாமல் கட்டிய வகை, பெரும்பாலும் ‘ப்ராக்ஹாட்’ பின்.

ப்ராக்ஹாட் என்பது ப்ராசஸரில் உள்ள ஒரு பின். ‘எனக்குச் சூடு தாங்கவில்லை’ என்று ப்ராசஸர் வெளியே சொல்வதற்கு வைத்தார்கள். இரு திசையிலும் பேசும்படி அமைத்தால், வெளியிலிருந்து மதர்போர்டும் அதே பின்னை இழுக்கலாம். மின்னழுத்தச் சுற்று சூடானாலோ, பேட்டரியிலிருந்து மின்னோட்டம் அளவுக்கு மீறினாலோ, அடாப்டர் எது என்று அடையாளம் தெரியாவிட்டாலோ மதர்போர்டின் கண்ட்ரோலர் அதை இழுத்துப் பிடிக்கும். பின் இழுபட்டிருக்கும்வரை ப்ராசஸர் அடிமட்ட வேகத்தில்தான் ஓடும். கெர்னலுக்கு ஒரு வார்த்தை வராது.

உறுதி செய்ய, ‘மாட்ப்ரோப் எம்எஸ்ஆர்’ போட்டுவிட்டு (எம்எஸ்ஆர் என்பது ப்ராசஸரின் இந்த உள் ரெஜிஸ்டர்களுக்குப் பெயர்), வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘ஆர்டிஎம்எஸ்ஆர்’ கட்டளையால் ஹெக்ஸ் 19சி ரெஜிஸ்டரை வாசியுங்கள். இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 8834000சி. இதைப் படிக்கத் தெரிந்தால் போதும், நோய் தெரிந்துவிடும். கடைசி எழுத்து சி. பதின்ம எண்ணில் 12, இரும எண்ணில் 1100. வலமிருந்து பிட் 0, 1, 2, 3 என்று எண்ணுங்கள். பிட் 0 அணைந்திருக்கிறது, அதாவது இந்தக் கோருக்கு வெப்பப் பிரச்சினை இல்லை. பிட் 2 எரிகிறது: ப்ராக்ஹாட் இந்த நொடியில் இழுபட்டிருக்கிறது. பிட் 3 எரிகிறது: முன்பும் இழுபட்டதற்கான பதிவு. மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் 34. ஹெக்ஸில் 34 என்றால் பதின்மத்தில் 52. உச்ச வெப்பவரம்புக்கு எத்தனை டிகிரி கீழே என்பதுதான் அது. வரம்பு 100 என்றால் கோர் இப்போது 48 டிகிரி. 48 டிகிரியில் யாருக்கும் சுடாது. ஆக, இழுப்பது வெளியாள்.

எளிய வழி வேண்டுமென்றால் டர்போஸ்டாட் தொடங்கும்போது கொட்டும் நீளமான வரிகளில், வேகக் கட்டுக்கான காரணங்களை ‘ஆக்டிவ்’ (இப்போது நடப்பது), ‘லாக்ட்’ (முன்பு நடந்ததாகப் பதிவானது) என்று பிரித்துக் காட்டும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாடல்களிலும் வருவதில்லை.

வெளியாள் யார்? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அடாப்டரைப் பிடுங்கிப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். வேகம் ஏறினால் அடாப்டர் பக்கம். பேட்டரியைப் பிரித்து அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். ஏறினால் பேட்டரி பக்கம். டாக்கிங் ஸ்டேஷனைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, கண்ட்ரோலரில் மிச்சம் உள்ள மின்சாரத்தை வடியவிட்டுப் பாருங்கள். என் லேப்டாப்பில் கடைசியில் அகப்பட்டது அடாப்டர் முனையில் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி. கொஞ்சம் வளைந்திருந்தது. மின்சாரம் வெளிவளையம் வழியாக வந்துவிடும், சார்ஜ் விளக்கும் எரியும். அடையாளம் சொல்லும் கம்பி மட்டும் அந்த ஊசியில். அடையாளம் தெரியாத அடாப்டர் என்று பின்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது கண்ட்ரோலர். அடாப்டரை மாற்றினேன், அவ்வளவுதான். கெர்னலில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

மூலகாரணத்தைச் சரிசெய்ய முடியாத நிலை வரலாம். ஒரு சென்சாரே செத்துப்போயிருக்கலாம். அப்போது ஹெக்ஸ் 1எஃப்சி ரெஜிஸ்டரின் பிட் 0-வை அணைத்தால், வெளியிலிருந்து வரும் இழுப்பை ப்ராசஸர் கண்டுகொள்ளாது. முதலில் வாசியுங்கள். 24005டி என்று வந்தால், கடைசி டி 1101. பிட் 0-வை அணைத்தால் 1100, அதாவது சி. எழுத வேண்டியது 24005சி. வேறொருவர் போட்டிருக்கும் எண்ணை அப்படியே ஒட்டாதீர்கள், மற்ற பிட்கள் மெஷினுக்கு மெஷின் வேறுபடும்.

இதைச் செய்யும் முன் எதை இழக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ப்ராசஸரின் சொந்த வெப்பப் பாதுகாப்பு இதனால் போவதில்லை. தானே சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போவது மதர்போர்டின் குரல். மின்னழுத்தச் சுற்று கருகினாலும் பேட்டரி மூச்சுத்திணறினாலும் அதனால் சொல்ல முடியாது. செத்த சென்சார் என்று நிரூபித்த பிறகு மட்டும் செய்யுங்கள். ‘வேகம் வேண்டும்’ என்பதற்காகச் செய்ய வேண்டாம்.

அறிகுறி 3: அடிப்படை வேகம் வருகிறது, டர்போ மட்டும் இல்லை

டர்போ என்பது அடிப்படை வேகத்துக்கு மேலும் ப்ராசஸரை ஓடவிடும் வசதி. இன்டெல்_பிஸ்டேட் அடைவில் நோ_டர்போ ஃபைலை வாசியுங்கள். 1 என்று இருந்து, 0 எழுதும்போது ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், கை வைத்தது பயாஸ். கெர்னல் பதிவிலும் டர்போவை பயாஸ் முடக்கியிருக்கிறது அல்லது இந்த ப்ராசஸரில் டர்போ கிடையாது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஹெக்ஸ் 1ஏ0 ரெஜிஸ்டரின் பிட் 38 இதற்கான சுவிட்ச். 850089 என்று வந்தால் டர்போ திறந்திருக்கிறது, 4000850089 என்று வந்தால் பூட்டியிருக்கிறது. முன்னால் முளைத்த அந்த 4 தான் பூட்டு. பயாஸ் திரையில் டர்போ அமைப்பைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் யாரோ அணைத்து வைத்திருப்பார்கள்.

பேட்டரியில் பூட் செய்தால் டர்போ இல்லை, அப்புறம் அடாப்டர் செருகியும் வரவில்லை என்பது இதன் ஒரு வேடம். சில ஃபர்ம்வேர் எல்லா கோர்களுக்கும் பொதுவாக டர்போவைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு கோருக்கு மட்டும் _பிபிசி அறிவிப்பு அனுப்பும். பழைய கெர்னல் அந்த ஒரு கோரை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடும். 2019-இல் இன்டெல்_பிஸ்டேட் டிரைவரில் இதைச் சரிசெய்தார்கள்.

ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் பக்கத்தில் வேறொரு கதை. மேலே பட்டியலில் 2401, 2400 என்று அடுத்தடுத்து இருந்ததைக் கவனித்தீர்களா? அந்த ஒரு மெகாஹெர்ட்ஸ் நிஜமில்லை. ‘இந்த வரி டர்போ’ என்பதற்கான அடையாளம் அது. உண்மையில் 3000-க்கும் மேல் ஓடலாம். _பிபிசி 0 தந்தால் ‘கட்டே இல்லை’ என்றுதான் அர்த்தம். ஆனால் கெர்னல் அதையும் ஒரு வரம்பாக எடுத்துக்கொண்டு பட்டியலின் முதல் வரியை, அதாவது 2401-ஐயே, உச்சமாகப் பதிந்துகொண்டிருந்தது. எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டது. 0 வந்தால் வரம்பே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும் திருத்தம் 2023 வாக்கில் வந்தது. உச்சம் சரியாக அடிப்படை வேகத்தைவிட ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக நிற்கிறது என்றால், புதிய கெர்னலைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அறிகுறி 4: அரை நிமிடம் பறக்கிறது, அப்புறம் சரிகிறது

வெப்பம் என்றுதான் முதலில் தோன்றும். டர்போஸ்டாட்டில் ‘பிகேஜி_வாட்’ பத்தியைப் பாருங்கள். 28 வாட்டில் ஓடி, அப்புறம் 15-க்கோ 10-க்கோ இறங்கி அங்கேயே கோடு போட்டது போல நின்றால் அது மின்திறன் வரம்பு. ‘பவர்கேப்’ அடைவில் இன்டெல்-ரேப்பிள் என்ற பெயரில் இரண்டு வரம்புகள் இருக்கும், நீண்ட நேரத்துக்கு ஒன்று, குறுகிய நேரத்துக்கு ஒன்று. மதிப்பு மைக்ரோவாட்டில், 15000000 என்றால் 15 வாட். நீண்ட நேர வரம்பின் கால அளவு பல மெஷின்களில் 27983872 மைக்ரோநொடி, சுமார் 28 நொடி. அந்த அரை நிமிடத்துக்கு விளக்கம் இதுதான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. இதே வரம்பு எம்எஸ்ஆர் வழியாக ஒன்றும், நினைவக முகவரி வழியாக இன்னொன்றுமாக இரண்டு இடத்தில் இருக்கலாம். பவர்கேப்பில் ‘எம்எம்ஐஓ’ என்று முடியும் இன்னொரு அடைவு தெரிந்தால் அதுதான். இரண்டில் சிறியதே செல்லும். ஒன்றை 25 ஆக்கிவிட்டு இன்னொன்று 10-இல் இருந்தால் 10 தான். எழுதியும் மதிப்பு மாறவில்லை என்றால் ஹெக்ஸ் 610 ரெஜிஸ்டரின் பிட் 63-ஐப் பாருங்கள். அது எரிந்தால் பயாஸ் பூட்டிவிட்டது, அடுத்த பூட் வரை திறக்காது.

ரெஜிஸ்டருக்குப் போகும் முன் ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ’ அடைவில் பிளாட்ஃபார்ம்_ப்ரொஃபைல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ‘லோ-பவர்’ என்று இருந்தால் வரம்பை இறக்கியது நீங்களோ உங்கள் டெஸ்க்டாப்போதான். திங்க்பேட் சிலவற்றில் லேப்டாப் மடியில் இருப்பதை உணரும் சென்சார் உண்டு. தொடை சுடக்கூடாதென்று வரம்பைத் தானே குறைக்கும். மேசையில் வைத்தால் ஏறிவிடும்.

அறிகுறி 5: சிபியுஃப்ரீக் அடைவே இல்லை

சர்வர்களில்தான் இது பெரும்பாலும். பயாஸ் திரையில் மின்திறன் நிர்வாகத்தை ‘சிஸ்டமே பார்த்துக்கொள்ளும்’ என்று வைத்திருப்பார்கள். வேகக் கட்டுப்பாடு ஃபர்ம்வேரிடம் என்று தெரிந்ததும் இன்டெல்_பிஸ்டேட் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பயாஸில் ‘ஓஎஸ் கட்டுப்பாடு’ என்பதற்கு மாற்றி ரீபூட் செய்தால் அடைவு வந்துவிடும்.

ஏஎம்டி என்றால்

டர்போவுக்கு அங்கே ‘பூஸ்ட்’ என்று பெயர், எல்லா கோர்களுக்கும் பொதுவான சிபியுஃப்ரீக் அடைவில் ஒரு பூஸ்ட் ஃபைல் இருக்கும். ஏஎம்டி-பிஸ்டேட் டிரைவர் கெர்னல் 5.17-இல் வந்தது, அது ‘_சிபிசி’ என்ற ஏசிபிஐ பொருளை நம்பியிருக்கிறது. _சிபிசி இல்லை என்று பதிவில் வந்து, மெஷின் ஏசிபிஐ-சிபியுஃப்ரீக்குக்குத் திரும்பி மூன்றே வேகங்களைக் காட்டினால், பயாஸில் ‘சிபிபிசி’ (_சிபிசி-யைத் தரும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன எம்எஸ்ஆர் எண்கள் எதையும் ஏஎம்டியில் எழுதாதீர்கள்.

எம்எஸ்ஆர் எழுத விடவில்லை

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பயாஸ் அமைப்பு) இருந்தால் பல லினக்ஸ் விநியோகங்களில் கெர்னல் ‘லாக்டவுன்’ நிலைக்குப் போய்விடும், எம்எஸ்ஆர் எழுத்து மறுக்கப்படும். அது பழுதல்ல. கெர்னல் 5.9 முதல், லாக்டவுன் இல்லாவிட்டாலும் எழுதும்போது பதிவில் எச்சரிக்கை வரும், ‘எம்எஸ்ஆர்.அல்லோ_ரைட்ஸ்=ஆன்’ என்று பூட் வரியில் போட்டால் எச்சரிக்கை நிற்கும்.

எழுதிய மதிப்பு நிரந்தரம் இல்லை. ரீபூட்டில் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூங்கி எழும்போதும் போகும் என்பதுதான் மறந்துபோகிறது: லேப்டாப்பை மூடித் திறக்கையில் ஃபர்ம்வேர் பல ரெஜிஸ்டர்களைத் தன் விருப்பப்படி மறுபடி நிரப்பிவிடும். அதனால் பூட் ஆகும்போது ஒருமுறை ஓடும் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் நிரல்) சேவை மட்டும் போதாது. விழித்தெழுந்த பிறகும் அதே கட்டளை ஓடும்படி ‘சஸ்பெண்ட்.டார்கெட்’டுக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். அமைத்ததும் மூடியை ஒருமுறை மூடித் திறந்து, 1எஃப்சி-யை வாசித்துப் பாருங்கள். கடைசி எழுத்து இன்னும் சி-யாகவே இருந்தால் சரி.